முகமூடிக் கலை: பாணிகளும் அளவுகோல்களும்

பரதமோ கதகளியோ ஆடுபவருக்குப் புருவம் உண்டு, விழி உண்டு, துடிக்கும் உதடு உண்டு. முகமூடி அணிந்து ஆடுபவருக்கு இவை எதுவும் உதவாது. அசையாத ஒரு முகம், அசைகிற உடம்பின் மேல் அமர்ந்து, அழவும் சினக்கவும் சிரிக்கவும் வேண்டும். பார்ப்பவர் அதை நம்பவும் வேண்டும். முகமூடி செய்யும் கைவினைஞர் முன் நிற்கும் சவால் இதுதான். இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரமும் தன் மண், மரம், மூங்கில், பாளை ஆகியவற்றைக் கொண்டு இதற்குத் தனித்தனியாக விடை கண்டிருக்கிறது. அந்த விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நல்ல முகமூடி எது என்பது தெரியவரும்.

புருலியா: தூரத்துக்கும் துள்ளலுக்கும் ஒரு முகம்

கிழக்கிந்தியாவின் சௌ ஆட்டத்துக்கு மூன்று கிளைகள். மேற்கு வங்கத்தில் புருலியா, ஜார்க்கண்டில் செரைகேலா, ஒடிசாவில் மயூர்பஞ்ச். மூன்றையும் சேர்த்தே யுனெஸ்கோ 2010-இல் மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் இடம்பெறச் செய்தது. முதல் இரண்டும் முகமூடி ஆட்டங்கள். மயூர்பஞ்சில் முகமூடி கிடையாது.

புருலியா முகமூடியின் பிறப்பிடம், அயோத்தியா மலையடிவாரத்தில் பாக்முண்டிக்கு அருகிலுள்ள சரிதா என்ற சிற்றூர். சூத்ரதார் சமூகத்தினர் இங்கே தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்கிறார்கள். பாக்முண்டி அரச குடும்பத்தின் ஆதரவில் இக்கலை வளர்ந்தது என்பது ஊர் மரபு. புருலியா சௌ ஆட்டக்காரர் கம்பீர் சிங் முடாவுக்கு 1981-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முகமூடிக் கலைஞர் நேபாள் சந்திர சூத்ரதாருக்கு 2024-இல், அவர் மறைவுக்குப் பின், அதே விருது வழங்கப்பட்டது. ஆடியவருக்கும் முகமூடி செய்தவருக்கும் கிடைத்த பெருமைக்கு இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

செய்முறை பொறுமையைக் கேட்பது. பலகையின் மேல் களிமண்ணால் முகத்தைப் பிடித்து, ஓரளவு காயவிட்டு, மேலே மெல்லிய சாம்பலைத் தூவுவார்கள். அச்சிலிருந்து முகமூடி ஒட்டாமல் கழன்று வருவதற்குத்தான் இந்தச் சாம்பல். அதன் மேல் பசையில் நனைத்த காகிதத்தை எட்டு, பத்து அடுக்குகள் ஒட்டுவார்கள். பிறகு நைசான களிமண் பூச்சு, அதற்கும் மேல் களிமண் குழம்பில் தோய்த்த துணி. 'தாபி' என்ற மரக்கருவியால் தேய்த்து மெருகேற்றி, வெயிலில் காயவைத்து, மண் அச்சைக் கழற்றி எடுத்தபின் கண்ணுக்கும் மூக்குக்கும் துளையிடுவார்கள். வண்ணமும் அலங்காரமும் கடைசியில்தான்.

வண்ணத்துக்கு இலக்கணம் உண்டு. துர்க்கை மஞ்சள், சிவன் வெள்ளை, காளி கறுப்பு அல்லது நீலம். அசுரர்களுக்குக் கரும்பச்சை, அடர்ந்த மீசை, பிதுங்கிய கண், வெளியே நீண்ட பல். புருலியா சௌ திறந்த வெளியில், சுற்றிலும் சனம் உட்கார்ந்திருக்க ஆடப்படுவது. ஆட்டக்காரர் அந்தரத்தில் எம்பிச் சுழன்று முழங்காலில் இறங்குவார். கடைசி வரிசைக்கும் முகம் தெரிய வேண்டும், குதித்தாலும் கழன்றுவிடக் கூடாது. மணியும் ஜிகினாவும் இறகும் செறிந்த அந்தப் பெரிய தலையலங்காரம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. ஆட்டக்காரர் தோளை உலுக்கினால் கிரீடம் முழுவதும் அதிர்ந்து மின்னுகிறது. அசையாத முகத்தின் சினத்தை அந்த அதிர்வு பேசிவிடுகிறது.

செரைகேலா: குறைப்பதில் உள்ள நிறைவு

கர்காய் ஆற்றங்கரையிலுள்ள செரைகேலாவின் வழி இதற்கு நேர் எதிரானது. இங்கே அரச குடும்பத்தினரே ஆடினார்கள், ஆட்டத்தை வகுத்தார்கள். 1938-இல் இக்குழு ஐரோப்பாவுக்கும் சென்று ஆடியது. சித்திரைத் திருவிழாவில் ஆடப்படும் 'ராத்ரி', 'மயூரா', 'நாவிக்' போன்ற உருப்படிகளில் பெரும்போர்கள் இல்லை. இரவு, மயில், படகோட்டி என்று ஒரு மனநிலையைக் காட்டும் குறும் ஆட்டங்கள் அவை.

ஆகவே முகமூடியும் மென்மையானது. நீண்ட, பாதி மூடிய கண்கள், ஒற்றை வண்ணப் பூச்சு, சின்ன உதடு. ஆற்று மண்ணில் அச்செடுத்து, காகிதமும் மெல்லிய துணியும் ஒட்டிச் செய்யும் இம்முகமூடிகளில் பெரும்பேர் பெற்றவர் பிரசன்ன குமார் மகாபாத்திரர். எந்த உணர்ச்சியையும் அந்த முகத்தில் அவர் முற்றாக எழுதிவைக்கவில்லை. தலையைச் சற்றுத் தாழ்த்தினால் அதே முகம் துயரப்படுகிறது, நிமிர்த்தினால் மலர்கிறது. செதுக்கலில் அரை மாத்திரை கூடினாலும் இந்த மாயம் கெட்டுப்போகும்.

இம்முகமூடிக்குள் மூச்சுவிடுவது எளிதன்று. ஓர் உருப்படி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். முகமூடியின் உட்புறம் ஆட்டத்தின் நீளத்தையே தீர்மானித்திருக்கிறது.

மாஜுலி: பேசும் தாடை

அசாமில் பிரம்மபுத்திரா நடுவே உள்ள தீவு மாஜுலி. ஸ்ரீமந்த சங்கரதேவர் வளர்த்த வைணவ மரபில், 'சத்ரா' எனப்படும் மடங்களில் 'பாவனா' நாடகங்கள் நடக்கின்றன. முகமூடிக்குப் புகழ்பெற்றது 1663-இல் தோன்றிய சாமகுரி சத்ரா.

இங்கே எலும்புக்கூடு மூங்கில். ஊறவைத்த மூங்கிலை மெல்லிய சிம்புகளாகச் சீவி, தலையின் வடிவத்துக்குப் பின்னுவார்கள். அதன் மேல் குயவர் மண்ணில் தோய்த்த பருத்தித் துணி. காய்ந்ததும் மண்ணும் சாணமும் கலந்த கலவையால் கன்னத்தையும் மூக்கையும் புருவத்தையும் எழுப்பி, மூங்கில் கருவியால் மழமழவென்று தேய்ப்பார்கள். மரபு வண்ணங்களில் முதன்மையானவை 'ஹெங்குல்' என்னும் சிவப்பும் 'ஹைதால்' என்னும் மஞ்சளும்.

முகத்தை மட்டும் மூடுவது 'முக முகா'. தலையையும் உடம்பையும் வெவ்வேறாகச் செய்து ஆள் உயரத்தையும் விஞ்சி நிற்பது 'பர முகா'. இரண்டுக்கும் நடுவில் நிற்பது 'லொடகாய் முகா'. பாவனாவில் பாத்திரங்கள் வசனம் பேச வேண்டியவர்கள். வாய் அசையாத ராவணன் எப்படிப் பேசுவான்? இதற்காகத்தான் தாடையும் விழியும் அசையும் முகமூடிகளை உருவாக்கினார் சாமகுரியின் ஹேம் சந்திர கோஸ்வாமி. நூற்றாண்டுகள் கண்ட ஒரு மரபுக்குள் நின்றுகொண்டு புதிதாக ஒன்றைச் செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மாஜுலி முகமூடி 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது.

படயணி: ஒரே இரவின் முகம்

கேரளத்தின் பத்தனம்திட்டை வட்டாரத்துப் பகவதி கோயில்களில் நடப்பது படயணி. கடம்மனிட்டை இதற்குப் பெயர்போன ஊர். கோலங்கள் எழுதப்படுவது பச்சைக் கமுகம்பாளையில். பாளையின் மேல்தோலே பச்சை. அதைச் சீவினால் வெள்ளை. மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் செங்கல், கறுப்புக்குக் கரி. ஓரங்களில் குருத்தோலை. யட்சி, பட்சி, மாடன், காலன் என்று ஒவ்வொரு கோலத்துக்கும் வரைமுறை உண்டு. பைரவிக் கோலம் நூற்றுக்கு மேற்பட்ட பாளைகளால் கட்டப்படும் பெருங்கோலம்.

தென்னோலைச் சூட்டுப் பந்தங்களின் வெளிச்சத்தில், தப்பின் முழக்கத்தோடு கோலம் துள்ளுகிறது. நுணுக்கமான கோடுகள் அந்த ஆடும் ஒளியில் கரைந்துவிடும் என்பதால் கோடுகள் தடிமனானவை, வண்ணங்கள் நேரடியானவை. விடிந்தால் பாளை வாடிவிடும். அடுத்த ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். கோலம் நிலைப்பதில்லை. எழுதும் கையின் பயிற்சிதான் நிலைக்கிறது.

மெலட்டூர்: பூசையில் இருக்கும் முகம்

தமிழ் மண்ணில் படயணிக்கு நேர்மாறான ஒரு மரபு உண்டு. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில், வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய 'பிரகலாத சரித்திரம்' இரவு முழுவதும் ஆடப்படுகிறது. அதில் தூணிலிருந்து வெளிப்படும் நரசிம்மரின் முகமூடி மேடைப் பொருள் அன்று. கோயிலில் வைத்துப் பூசை செய்யப்படும் மூர்த்தம் அது. அணிபவர் விரதம் இருக்கிறார். ஆவேசம் வந்தால் பிடித்துக்கொள்ள ஆட்கள் உடன் நிற்கிறார்கள். சாலியமங்கலத்திலும் இந்த மரபு வாழ்கிறது. முகமூடி உயிர்பெறுவதற்குக் கைவினைத் திறம் பாதி, ஊரின் பக்தி மறுபாதி என்பதை இவ்வூர்கள் காட்டுகின்றன.

அளவுகோல்கள்

பாணிகள் வேறானாலும் தேர்ந்த கலைஞர்கள் பார்க்கும் அளவுகோல்கள் பொதுவானவை. முதலாவது உட்புறம். மூச்சுத் துளை, பார்வைத் துளை, நெற்றியிலும் தாடையிலும் உறுத்தாத பொருத்தம். இரண்டாவது எடையும் அது சமமாகப் பரவியிருக்கும் விதமும். முன்பக்கம் கனத்தால் ஆட்டக்காரரின் கழுத்து தாங்காது. மூன்றாவது, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்படும் என்ற கணிப்பு. நான்காவது இலக்கணம். துர்க்கையைக் கண்டதும் துர்க்கை என்று குழந்தைக்கும் தெரிய வேண்டும். இந்த நான்கும் அமைந்தபின்தான் கற்பனைக்கு மதிப்பு.

சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்படும் முகமூடிகள் வேறு வகை. தெலங்கானாவின் செரியாலில் தேங்காய்ச் சிரட்டையின் மேல் மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்துச் செய்யும் முகங்கள் அழகானவை. அவற்றை அவற்றின் இலக்கணப்படியே மதிக்க வேண்டும். ஆனால் ஆட்ட முகமூடியின் ஊர்களில் சுற்றுலாச் சந்தைக்காகச் சின்ன முகங்களை விரைவாகச் செய்து குவிப்பது இப்போது வழக்கமாகிவருகிறது. அந்த வருமானம் குடும்பங்களுக்கு வேண்டும். அதற்காகத் துளையில்லாத, உட்புறம் தேய்க்காத முகமே இளைஞர்களின் முதலும் கடைசியுமான பயிற்சியாக ஆகிவிடக் கூடாது. 2018-இல் புருலியா சௌ முகமூடியும், வடவங்கத்துக் குஷ்மண்டியின் மர முகமூடியும் புவிசார் குறியீடு பெற்றன. குறியீடு பெயரைக் காக்கும். தரத்தைக் காக்க வேண்டியவர்கள் முகமூடி வாங்குபவர்களும் ஆட்டக் குழுக்களை அழைப்பவர்களும்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். முகமூடி வாங்குபவர்கள் அதைத் திருப்பி உட்புறத்தையும் பார்த்து, ஆட்டத்துக்குச் செய்ததா, அலங்காரத்துக்குச் செய்ததா என்று கேட்டு, அதற்குரிய விலை கொடுக்க வேண்டும். இக்குழுக்களை அழைக்கும் சபாக்களும் விழாக் குழுக்களும், ஆடியவர் பெயரோடும் பாடியவர் பெயரோடும் முகமூடி செய்தவரின் பெயரையும் அழைப்பிதழில் அச்சிட வேண்டும்.