பாட்டியின் நாள்கள்: ஹேவாஹெட்டத் தோட்டங்களின் செக்ரோலும் அன்றாட வாழ்க்கை ஆய்வும்

முன்னோர் ஒருவரின் நாட்குறிப்பை எடுத்து, அவர் எழுந்த நேரத்தையும் செய்த வேலையையும் உண்ட உணவையும் தன்னுடைய நாளோடு வைத்துப் பார்ப்பது, குடும்பப் பழக்கமாக மட்டும் இருந்த நிலை மாறி, கடந்த அரை நூற்றாண்டில் அன்றாட வாழ்க்கை வரலாறு என்னும் தனித் துறைக்கு உரிய முறையாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மெயின் பகுதியில் ஹாலோவெல் என்னும் ஊரில் மருத்துவிச்சியாக இருந்த மார்த்தா பாலர்ட் 1785 முதல் 1812 வரை எழுதிய குறிப்புகள் இத்துறையின் புகழ்பெற்ற சான்று. நூல் நூற்றது, பிள்ளைப்பேறு பார்த்தது, ஆற்றைக் கடந்தது என்று ஒரே வகையான செய்திகள் திரும்பத் திரும்ப வருவதால் பயனற்றது என்று முந்திய வரலாற்றாசிரியர்கள் ஒதுக்கிய அந்த நாட்குறிப்பை, லாரல் தாட்சர் உல்ரிச் 1990இல் வெளியிட்ட தம் நூலில், அந்தத் திரும்பத் திரும்ப வரும் வரிகளையே எண்ணிக் கணக்கிட்டு, ஓர் ஊரின் பெண்களுடைய பொருளாதாரத்தை மீட்டெடுத்தார். பிரித்தானியாவில் 1937இல் தொடங்கிய மக்கள் அவதானிப்பு இயக்கம் சாதாரண மக்களைத் தம் நாளை எழுதச் சொல்லிச் சேகரித்தது. இத்தாலியின் பியேவே சாந்தோ ஸ்தெபானோ என்னும் சிற்றூரில் 1984இல் அமைந்த நாட்குறிப்புக் காப்பகத்தில், கிளெலியா மார்க்கி என்ற விவசாயப் பெண் தம் வாழ்க்கையைக் கட்டில் விரிப்பொன்றின் மேல் எழுதிய துணி இன்றும் பேணப்படுகிறது. தமிழில் இவ்வகைக்கு முதலில் நினைவுக்கு வருவது, புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு. அது பிரெஞ்சு ஆளுநருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், இருந்த ஓர் ஆணின் பொதுவாழ்க்கைக் குறிப்பு.

இந்த ஆய்வுமுறை முழுவதும் ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: பாட்டிக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும், எழுதுவதற்கு நாளில் ஒரு நேரமும் வீட்டில் ஓர் இடமும் இருந்திருக்க வேண்டும். கண்டிக்குத் தென்கிழக்கே, கலஹா, தெல்தோட்டை வழியாக ஏறிச் செல்லும் ஹேவாஹெட்ட மலைப்பகுதியில் இந்த எடுகோள் உடைந்துவிடுகிறது. தமிழகத்திலிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வந்து சேர்ந்த குடும்பங்களின் பெண்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவிலான லயக் காம்பராக்களில், அதாவது வரிசை வீடுகளின் ஒற்றை அறைகளில், வாழ்ந்து, விடியுமுன் எழுந்து, இருட்டியபின் அடுப்பை அணைத்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் தம் கையால் ஒரு நாளைக்கூட எழுதிவைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய நாள் எழுதப்படாமலும் போகவில்லை. தோட்டப் பெண்ணின் ஒவ்வொரு வேலைநாளும், அவளுக்குரிய ஒரு வரியில், பிறர் கையால், கூலிக்காகப் பதியப்பட்டது. அந்தப் பதிவுதான் செக்ரோல். மலையகத்தில் பாட்டியின் நாள்களைத் தேடும் ஆய்வு இந்த ஏட்டிலிருந்து தொடங்கியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதே மலையில் இன்னொருவருடைய நாள்கள் மிக விரிவாக எழுதப்பட்டிருப்பது இந்த இடைவெளியை மேலும் தெளிவாகக் காட்டுகிறது. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர், ஹேவாஹெட்ட மலைகளிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக நட்டு, 1892இல் அதே தோட்டத்தில் இறக்கும் வரை, தம் குடும்பத்துக்குக் கடிதங்கள் எழுதிவந்தார். அந்தக் கடிதங்கள் ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான் ஏஞ்சலா மெக்கார்த்தியும் டி. எம். டெவினும் 2017இல் அவரைப் பற்றி முழுமையான ஒரு நூலை எழுத முடிந்தது. அவருடைய குடிசை, அவர் தேயிலை உருட்டிய விதம், அவருடைய நோய், தனிமை ஆகிய யாவும் அதில் கிடைக்கின்றன. அந்த 19 ஏக்கரைக் காடு வெட்டி, குழி வெட்டி, கன்று நட்டு, கொழுந்து எடுத்தவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட அதற்கு இணையாகக் கிடைக்கவில்லை. அறிவில் அவர்கள் குறைந்தவர்கள் என்பதால் நேர்ந்த இழப்பு அல்ல இது; எழுத்துக்கான கருவிகள் ஒரு பக்கத்தில் மட்டும் குவிந்திருந்ததால் நேர்ந்தது.

செக்ரோல் என்பது தோட்டத் தொழிலாளரின் வருகைப் பதிவேடு. விடிகாலையில் தப்போசை கேட்டுத் தொழிலாளர் கூடும் இடத்தைப் பெரட்டுக்களம் என்பார்கள். அங்கே கங்காணியோ கணக்கப்பிள்ளையோ அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுத்து, யார் எந்த மலைக்குப் போகிறார் என்று சிறு புத்தகத்தில் குறித்துக்கொள்ள, மாலையில் அது காரியாலயத்துப் பெரிய ஏட்டுக்கு ஏறும். மாதத்தின் நாள்கள் கட்டங்களாக விரிய, ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண்ணும் ஒரு வரியும் உண்டு. முழுநாள் வேலையை ஒரு பேர் என்றும், குறித்த அளவு கொழுந்து எடுக்காத நாளை அரைப் பேர் என்றும் சொல்வது வழக்கம். குறித்த அளவுக்கு இன்றைய பெயர் நோம். எடுத்த கொழுந்தின் நிறை முன்பு இறாத்தலிலும், 1970களில் மெட்ரிக் அளவை வந்தபின் கிலோவிலும் எழுதப்பட்டது. மாத இறுதியில் சம்பளத்திலிருந்து அரிசிக்கும், முற்பணத்துக்கும், சலவைத் தொழிலாளிக்கும், முடிதிருத்துபவருக்கும், பின்னாளில் தொழிற்சங்கச் சந்தாவுக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் கழித்தவை வரிசையாக நிற்கும்.

இப்படிப்பட்ட ஏட்டில் ஒரு பாட்டியைக் காண்பது எப்படி என்பதில்தான் ஆய்வாளரின் திறமை தங்கியிருக்கிறது. நிரம்பிய கட்டங்களைவிட வெறுமையான கட்டங்கள் அதிகம் பேசுகின்றன. தொடர்ந்து சில வாரங்கள் ஒரு பெண்ணின் வரி வெறுமையாகக் கிடந்தால், பிள்ளைப்பேறாகவோ, நோயாகவோ, துக்கமாகவோ, இந்தியாவுக்குப் போய்வந்த பயணமாகவோ இருக்கலாம். 1939இல் பிரசவ நன்மைச் சட்டம் வந்தபின், அந்த வெறுமையின் ஒரு பகுதிக்குப் பக்கத்தில் கொடுப்பனவு ஒன்றும் தோன்றத் தொடங்குகிறது. தோட்டத்தில் நிகழ்ந்த பிறப்பு இறப்புகளைத் துரை, அதாவது தோட்ட நிர்வாகி, பதிவாளருக்கு அறிவிக்க வேண்டியிருந்ததால், அந்தப் பதிவோடு செக்ரோலின் வெறுமையை ஒட்டிப் பார்த்தால், எத்தனை நாள் வரை வயிற்றுப்பிள்ளையோடு மலையேறினாள், பெற்று எத்தனை நாளில் குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுத் திரும்பவும் கூடை சுமந்தாள் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். உல்ரிச் ஹாலோவெலில் செய்ததும் இதே வகையான ஒட்டுவேலைதான். மழை மிகுந்த மாதங்களில் நிறை கூடுவதும், வறட்சியில் அரைப் பேர்கள் பெருகுவதும், 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் வரிகள் ஓயாமல் அறுபடுவதும் ஒரு குடும்பத்தின் வயிற்றுநிலையைச் சொல்லும் செய்திகள்.

எனினும் செக்ரோலை நாட்குறிப்பு என்று அப்படியே ஏற்றுக்கொண்டுவிட முடியாது. பீலித் தண்ணீருக்கு வரிசையில் நின்றதும், ரொட்டி தட்டியதும், விறகு பொறுக்கியதும், பிள்ளைக்குப் பேன் பார்த்ததும் அதில் இல்லை. பெரட்டுக்கு முன்னும் மாலை நிறுவைக்குப் பின்னும் உள்ள நாள் அந்த ஏட்டுக்கு வெளியே நடந்தது. அரைப் பேர் போட்டவரின் கோபமும் தயவும் எண்களாக மாறியிருக்கக்கூடும் என்பதையும், தராசில் கழிக்கப்பட்ட கிலோக்கள் ஏட்டில் ஏறவே இல்லை என்பதையும் மறந்து அதைப் படிப்பவர், எழுதியவரின் கண்ணாலேயே பாட்டியைப் பார்த்துவிடுவார். டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய 'கூலித் தமிழ்' போன்று, துரைமாருக்கு வேலைத்தமிழ் கற்பிக்க எழுதப்பட்ட கைநூல்களும் இந்த வகையிலேயே பயன்படும் சான்றுகள். அவற்றில் வாக்கியங்கள் பெரும்பாலும் ஏவல்களாக இருப்பதால், ஒரு நாளில் எத்தனை கட்டளைகள் ஒரு பெண்ணின் காதில் விழுந்தன என்று அறியலாம். அவள் திருப்பிச் சொன்னது என்ன என்று அறிய முடியாது. மு. நித்தியானந்தன் 2014இல் அதே தலைப்பில் வெளியிட்ட நூல் இத்தகைய மறக்கப்பட்ட ஏடுகளின்பால் தமிழ் வாசகரின் கவனத்தைத் திருப்பியது என்பது நன்றியோடு குறிப்பிடத்தக்கது.

திருப்பிச் சொன்னவை வாய்மொழியில் இருக்கின்றன. புண்டலுஓயாவுக்கு அருகில் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தும், 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் தோட்ட வாழ்வை உள்ளிருந்து விவரித்தும், செக்ரோல் விட்டுவிட்ட நேரங்களை நிரப்பினார். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கங்காணியின் பெயரும் கடனும் மழையும் வருவது, எழுத்தில்லாத பெண்களும் தம் நாளைத் தாமே பதிந்தார்கள் என்பதற்குச் சான்று. ரேச்சல் குரியன் 1982இல் சர்வதேசத் தொழில் அமைப்புக்காக எழுதிய ஆய்வு தோட்டப் பெண்களின் வேலை, வீட்டுவேலை என்னும் இரண்டையும் சேர்த்து எண்ணியது; மைத்ரி ஜெகதீசன் 2019இல் வெளியிட்ட நூல் உள்நாட்டுப் போருக்குப் பிந்திய தலைமுறைப் பெண்களைப் பின்தொடர்ந்தது. இவற்றையெல்லாம் அருகருகே வைத்தாலும், ஒரே குடும்பத்தின் பாட்டியையும் பேத்தியையும் நாளோடு நாள் வைத்து ஒப்பிடும் வேலை இத்துறையின் நடுவில் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது.

அந்த ஒப்பீடு என்ன காட்டும் என்பதற்குச் சட்டங்களே ஓரளவு வழிசொல்கின்றன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சிறுவருக்கும் வெவ்வேறு தொகைகளை வகுத்ததால், பாட்டியின் ஒரு பேரும் பக்கத்து வரியில் தாத்தாவின் ஒரு பேரும் ஒரே அளவு கொண்டவை அல்ல; 1984இல்தான் நாட்சம்பளம் இருபாலாருக்கும் சமமானது. 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்த சம்பளத்தைப் பாட்டியின் சதங்களோடு நேராக ஒப்பிடுவதில் பொருளில்லை; ஒரு பேருக்கு எத்தனை படி அரிசி வந்தது என்று கணக்கிடுவதே நேர்மையான முறை. பேத்தியிடம் கைப்பேசி உண்டு, பலருக்கு எரிவாயு அடுப்பு உண்டு, வாக்குரிமையும் பாடசாலைச் சான்றிதழும் உண்டு. ஆனால் மலையில் நிற்பவளானால் பெரட்டு, கூடை, நோம், நிறுவை, அரைப் பேர் என்னும் ஐந்தும் அவளுடைய நாளிலும் அதே வரிசையில் நிற்கின்றன. கண்டி நகரக் கடைக்கோ கொழும்பு ஆடைத் தொழிற்சாலைக்கோ போனவளுக்குப் பெரட்டு இல்லை. இலக்கும் வருகைப் பதிவும் அங்கேயும் உண்டு. மிகப் பெரிய மாற்றம் ஆசிரியையாகப் போன பேத்தியிடம் தெரிகிறது. அவள் பாடசாலையின் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில், அதாவது அன்றாட நிகழ்வுகளை எழுதும் ஏட்டில், கொழுந்து மிகுந்த பருவத்தில் பிள்ளைகளின் வரவு குறைந்தது என்று எழுதும்போது, அக்குடும்பத்தில் முதன்முறையாக ஒரு பெண் ஏட்டின் மறுபக்கத்தில் அமர்கிறாள்.

குடும்பத்தின் வரி பல இடங்களில் பாதியில் நின்றும் போகிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று 1964இல் ஸ்ரீமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தபின், செக்ரோலில் ஆண்டாண்டாக நின்ற எண்கள் ஒரு மாதத்தோடு முடிந்து, அந்த எண்ணில் வேறு பெயர் ஏறுகிறது. அப்படி நின்றுபோன பாட்டியின் தொடர்ச்சியைத் தேட வேண்டிய இடம் நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தின் ஏடுகளிலும், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து வீடுகளில் இருந்து மலையகத்துக்கு வந்த கடிதங்களிலும் அது கிடைக்கலாம். பிரிவு நேர்ந்த பிறகுதான் பல குடும்பங்களில் கடிதம் எழுதுவதும், எழுதத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்வதும் வழக்கமாயின. ஆகவே மலையகப் பாட்டியின் குரல் முதலில் எழுத்தில் ஏறியது பெரும்பாலும் பேரப்பிள்ளையின் கையெழுத்திலேயே.

இவ்வளவு பயனுள்ள ஏடுகளின் நிலை கவலைக்குரியது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் டெய்லரின் நினைவுப் பொருள்களையும் சிறப்பாகக் காக்கிறது. தொழிலாளரின் பக்கத்தைக் காக்க, கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவகம் கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்து லயம் ஒன்றில் 2007இல் ஓர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அமைத்தது. ஆனால் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் பல கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோது, காரியாலயங்களின் பழைய செக்ரோல்களைப் பேணும் பொறுப்பு யாருக்கும் தெளிவாகக் கொடுக்கப்படவில்லை. ஜனவசம என்று மக்கள் சொல்லும் அரச சபையின் கீழ் இருக்கும் லூல்கந்துர போன்ற தோட்டங்களிலாவது, அவை அரசின் சொத்து என்பதால், தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு மாற்றும்படி கேட்பதற்கு நியாயம் உண்டு. மாற்றும்போது ஒரு நிபந்தனையும் வேண்டும்: அந்த ஏடுகளில் கடனும் நோயும் அபராதமும் பெயரோடு எழுதியிருப்பதால், எந்த வரியை வெளியிடுவது என்பதில் அந்தந்தக் குடும்பத்தின் சம்மதம் முதலில் கேட்கப்பட வேண்டும். ஏட்டைக் காட்டி, இந்த வெறுங்கட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லக்கூடிய மூதாட்டிகள் தெல்தோட்டையிலும் கலஹாவிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கும் வேலையை, வெளியிலிருந்து வரும் ஆய்வாளரைவிட, அவர்களுடைய பேச்சும் மலைகளின் பெயர்களும் தெரிந்த பேத்திகளே நன்றாகச் செய்ய முடியும்.