மாத்தளை மழையும் மலிவு எஃகுக் குழாயும்

ஈரத்தையும் வறட்சியையும் ஒரே நாள் பிரயாணத்தில் கண்டு திரும்ப விரும்புகிறவர், மாத்தளை நகரத்தைத் தங்குமிடமாகக் கொண்டால் போதும். ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டனை நோக்கி வளைந்து ஏறும் பாதை, 2010ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேகத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும். அதே நகரத்திலிருந்து ஏ9 வீதியில் வடக்கே திரும்பினால், நாலந்தாவையும் நாவுலையையும் கடந்து தம்புள்ளையை அடைவதற்குள், தோள்மீது உலர்வலயத்தின் வெயில் உறைக்கத் தொடங்கியிருக்கும். மனிதனுக்கு இந்த மாறுதல் சுகமானது. மோட்டார் சைக்கிளின் எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக் கீழே வளைந்து சைலன்சருக்குக் கொண்டுசெல்லும் அந்த முன்குழாய்க்கோ, கராஜ்காரர்கள் ‘பென்ட்’ என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த வளைகுழாய்க்கோ, இதைவிடக் கொடிய சீதோஷ்ணம் வேறு இல்லை. முன்சக்கரத்துக்கு நேர் பின்னே நிற்பதால் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீரையெல்லாம் முதலில் ஏற்றுக்கொள்வதும், எஞ்சினுக்கு மிக அருகில் இருப்பதால் உஷ்ணத்தையெல்லாம் முதலில் தாங்குவதும் அதுவே.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்தில் மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, நம் நாட்டவர் பழைய இயந்திரங்களைப் பேணிக் காப்பதில் ஒரு புதிய சிரத்தை காட்ட வேண்டியதாயிற்று. அக்காலத்தில் ஏற்பட்ட பழக்கம் இன்றும் மாறவில்லை. தொழிற்சாலைக் குழாய் அரித்துப் போனால், உள்ளூரில் சாதாரண மென்னெஃகுக் குழாயை வளைத்து, காலர் ஒட்டித் தரும் மலிவுச் சரக்கையே பெரும்பாலோர் வாங்குகிறார்கள்; நானும் என்னுடைய நூறு சி.சி. வண்டிக்கு அதைத்தான் வாங்கினேன். இந்தக் குழாயைத் துருவிலிருந்தும் வெப்பத்திலிருந்தும் காப்பதற்கென்று கடைகளில் விற்கப்படுகிறவையும், அண்டை அயலார் சிபாரிசு செய்கிறவையுமான உபாயங்களில் எவை காசுக்குப் பெறுமதியானவை என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘துருப்பிடிக்காத எஃகில் செய்துகொண்டால் தொல்லை விட்டதே’ என்று சிலர் கேட்கலாம். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த அந்த எஃகு, தன் மேற்பரப்பில் தானாகவே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்பது மெய்தான். ஆனால் அதன் கிரயம் அதிகம். அதை வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த கை எல்லா ஊரிலும் அகப்படுவதில்லை.

வெப்பத்தைப் பற்றி நம்மவர்களிடையே நிலவும் பயம் சற்று மிகையானது என்பது என் அபிப்பிராயம். இரும்பு 570 டிகிரி செல்சியசைத் தாண்டும்போதுதான், அதன்மேல் படியும் ஆக்சைடு வேறொரு ரூபம் எடுத்து, வெகுவேகமாகத் தடித்து, செதில் செதிலாக உரியத் தொடங்குகிறது. அதற்குக் கீழே அந்தப் படலம் மெதுவாகவே வளர்கிறது. துப்பாக்கி வடிவத்தில் விற்கும் அகச்சிவப்பு உஷ்ணமானியைக் கொண்டு, ரத்தோட்டை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி நிறுத்தி அளந்து பார்த்ததில், எஞ்சின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குழாயின் வெளிப்புறம் முந்நூறு டிகிரியைச் சற்றே தாண்டி நின்றதே தவிர, அந்த அபாய எல்லையின் பக்கத்திலேயே போகவில்லை. (பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டி ஏமாற்றும் சுபாவமுடையது; ஆகையால் கறுப்பு வர்ணம் பூசிய இடத்திலேயே அளக்க வேண்டும்.) கருவி இல்லாதவர்கள் குழாயின் நிறத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம்: தேய்த்துப் பளபளப்பாக்கிய வெற்று எஃகு 220 டிகிரியளவில் வைக்கோல் மஞ்சளாகவும், 300 டிகிரியளவில் நீலமாகவும் மாறும். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் பஞ்சரத பவனியன்று, காற்றோட்டமில்லாத நெரிசலில் எஞ்சினை அணைக்காமல் ஊர்ந்துவந்த வண்டிகளின் குழாய்களில் இந்த நீலத்தைத் தாராளமாகக் காணலாம். பார்ப்பதற்குக் கவலை தருமேயன்றி, அதனால் குழாய்க்குப் பெரிய நாசம் எதுவும் இல்லை.

நாசம் செய்வது நீர். சுடச்சுட இருக்கும் இரும்பின்மேல் விழும் நீர் உடனே ஆவியாகிவிடுவதால், ஓடுகிற வண்டிக்கு மழை அவ்வளவு கேடு செய்வதில்லை. வண்டி நின்று, குழாய் ஆறி, அதன்மேல் ஒட்டிய சேறு ஈரத்தை இரவெல்லாம் பிடித்துவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் துரு தன் காரியத்தைத் தொடங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கடைச்சரக்குகளின் தராதரம் தானே விளங்கும்.

முதலில், இளைஞர்களிடையே இப்பொழுது மோகமாகிவிட்ட நாடா. கண்ணாடி இழையிலோ எரிமலைப் பாறை இழையிலோ நெய்த இந்தப் பட்டையை நனைத்து, குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி, எஃகுக் கவ்விகளால் பூட்டிவிடுகிறார்கள். தோற்றம் கம்பீரமாக இருப்பதை மறுக்க முடியாது. காலில் சூடு படாது என்பதும் உண்மை. ஆயினும் நாடா தடுத்துவைக்கும் உஷ்ணம் எங்கும் போய்விடுவதில்லை, குழாயின் உலோகத்திலேயே தங்கி அதன் வெப்பநிலையை உயர்த்துகிறது. அதைவிடப் பெரிய குற்றம், மழைக்காலத்தில் இது காய்ச்சல்காரன் உடம்பில் சுற்றிய ஈரத்துணியைப்போல நீரைக் குடித்துக்கொண்டு குழாயை விடாமல் தழுவிக்கொண்டிருப்பது. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் தம் வண்டிக்கு இதைச் சுற்றப் போனபோது, கராஜ் பாஸ் சொன்ன வார்த்தை: “சுத்துங்க தம்பி, வேணாங்கல. மழை முடிஞ்சு அவிழ்க்கிறப்ப புதுக் குழாயும் கையோட வாங்கிட்டு வந்திருங்க.” வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து தை கழிந்தபின் அவிழ்த்தபோது நானும் உடனிருந்தேன். நாடாவின் உட்புறம் செந்நிறச் சகதியாக இருந்தது. குழாயிலிருந்து துரு நகக்கண்ணளவு தகடுகளாகக் கையோடு வந்தது. தம்புள்ளைப் பக்கத்து வறண்ட வீதிகளில் மட்டும் ஓடுகிறவருக்கு வேண்டுமானால் இது பொருந்தலாம். மலையேறுகிறவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

நாகம் பூசிய நீர்க்குழாயை வளைத்துப் பென்ட் செய்து தருகிறோம் என்று சொல்லும் வெல்டிங் கடைகளும் உண்டு. நாகம் 419 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே, சுமார் 200 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து சூடேறினால், அந்தப் பூச்சு இரும்பைவிட்டு உரியத் தொடங்கும். ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்த தொழிலாளிக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வருவதும் உண்டு. கழிவு ஒயிலைத் துணியில் தோய்த்துக் குழாயில் தேய்த்துவிடும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் சூடானதும் அது புகைந்து தீய்ந்துபோகும், டயரில் சொட்டினால் ஆளையும் வீழ்த்தும்.

இனி, உஷ்ணம் தாங்கும் வர்ணம். ஸ்பிரே டின்னில் அடைத்து, 600 முதல் 650 டிகிரிவரை தாங்கும் என்று மேலே அச்சிட்டு ஹார்ட்வெயார் கடைகளில் விற்கும் இந்தச் சரக்கையே, குறைகளைச் சொல்லிக்கொண்டேயானாலும், நான் முதலிடத்தில் வைப்பேன். சாதாரண எனாமல் வர்ணத்தின் பசை கரிமச் சேர்மங்களால் ஆனதாகையால் முதல் ஏற்றத்திலேயே தீய்ந்து உதிர்ந்துவிடும். இதில் பசையாக இருப்பதோ சிலிக்கோன் ரெசின். சூடு அதை அழிப்பதில்லை. சூட்டினால்தான் அது இறுகவே செய்கிறது. அலுமினியத் தூள் கலந்த வெள்ளி நிறமே கறுப்பைவிட நெடுநாள் நின்றது என் குழாயில்.

ஆனால் டின்னில் அச்சிட்ட டிகிரி எண்ணைப் பார்த்து வாங்குகிறவர், பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையை அலட்சியம் செய்தாரானால், எந்த டின்னும் அவருக்கு உதவாது. குழாயை வண்டியிலிருந்து கழற்றி, கம்பிப் பிரஷினால் துருவை முற்றிலும் சுரண்டி, எமரித்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தபின், விரல்கூடப் படாமல் அதைக் கம்பியில் தொங்கவிட வேண்டும். சாதாரண பிரைமரை அடியில் பூசுவது பெருந்தவறு. அது தீயும்போது மேல்பூச்சையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வர்ணத்தை ஒரேயடியாகத் தடிப்பாக அடிக்காமல், மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாக அடிக்க வேண்டும். மழைநாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இவ்வளவும் செய்தாலும் அது பாதிக் காரியமே. காற்றில் உலர்ந்த வர்ணம் நகத்தால் கீறினாலும் வரும், பெற்றோல் பட்டாலும் கரையும். குழாயைப் பூட்டியபின், எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, முழுவதும் ஆறவிட்டு, மீண்டும் சற்று அதிக நேரம் ஓடவிட்டு, இப்படிப் படிப்படியாகச் சூடேற்றினால்தான், 200 டிகிரிக்குமேல் அது கெட்டிப்படுகிறது. காற்றால் குளிரும் எஞ்சினாகையால் நின்ற இடத்தில் வெகுநேரம் ஓடவிடும்போது எதிரே ஒரு மேசை விசிறியை வைத்துக்கொள்வது நலம். முதல் தடவை எழும் புகையும் நெடியும் வீட்டாரைக் கலங்கடிக்கும்.

இங்கேதான் விளம்பரங்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. வளைகுழாய் மேற்சொன்ன உஷ்ணத்தை எளிதில் அடைந்துவிடுகிறது. சைலன்சரின் பின்பாதியோ அடைவதேயில்லை. ஆகவே அங்கே அடித்த வர்ணம் என்றைக்கும் இறுகாமல், கழுவும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வெப்பக்காற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் கடையில் கொடுத்து அந்தப் பகுதியைத் தனியே சுடவைத்துக்கொள்ளலாம். மற்றொரு குறை: முன்சக்கரம் எறியும் சிறுகற்கள் வளைவின் முகப்பில் வர்ணத்தைப் புள்ளி புள்ளியாகக் கொத்திவிடுகின்றன, அந்தப் புள்ளிகளிலிருந்தே துரு பரவுகிறது. முன் மட்கார்டின் அடியில் ஒரு ரப்பர் துண்டைத் தாழத் தொங்கவிட்டபின் இந்தத் தொல்லை பெருமளவு தணிந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் ரிவர்ஸ்டன் பாதையில் ஓடிய பின்னும், வளைவின் முகப்பைத் தவிர மற்ற இடங்களில் பூச்சு ஸ்திரமாகவே நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசியில், முகப்பை மட்டும் தேய்த்துப் புதுப்பித்தால் போதும்.

வெளியே எதைப் பூசினாலும் குழாயின் உட்புறத்தை அது காப்பாற்றாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமாகவே நீர் உண்டாகிறது என்றால் நம்ப முடியாதவர்கள், காலைக் குளிரில் சைலன்சரின் வாயில் சொட்டும் நீரைப் பார்த்தால் நம்புவார்கள். நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாகி வெளியேறிவிடும். பாடசாலைவரை போய்த் திரும்பும் வண்டிகளில் உள்ளேயே தேங்கி, அடிப்புறத்தை உள்ளிருந்து அரித்துவிடும். சைலன்சரின் அடியில் சிறு துவாரம் இருந்தால் அதை அடைக்காமல், கம்பியால் குத்திச் சுத்தமாக வைத்திருப்பதும், வாரத்தில் ஒரு நாளாவது நாவுலைவரை ஓட்டிவிட்டு வருவதும்தான் இதற்குள்ள நிவாரணம்.

குழாயைக் கழற்றுகிற சமயத்தில், அதை எஞ்சினோடு இணைக்கும் இரண்டு ஸ்டட்டுகளையும் கவனிப்பது அவசியம். துருவேறிய நட்டைப் பலவந்தமாகத் திருகாமல், ஊடுருவும் எண்ணெயை முந்தின இரவே விட்டு ஊறவைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது இரும்பு நட்டுக்குப் பதிலாகப் பித்தளை நட்டும், செப்புத்தூள் கலந்த கிரீஸும், புதிய கேஸ்கட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். முறிந்த ஸ்டட்டை அலுமினியத் தலையிலிருந்து துளைத்தெடுத்துப் புது மரை வெட்டுவதற்கு லேத்துக் கடையில் கேட்கும் கூலி, மலிவுக் குழாயும் வர்ண டின்னும் சேர்ந்த கிரயத்தை மிஞ்சிவிடக்கூடும்.