நுரை செய்யும் வேலை என்ன?

கைப்பேசித் திரையில் அடிக்கடி காணும் வீட்டுக் குறிப்பு ஒன்று: பாத்திரத்தில் படிந்த வெள்ளை உப்பைப் போக்க, வினிகரில் ஆப்ப சோடாவைக் கலந்து ஊற்ற வேண்டுமாம். புஸ்ஸென்று நுரை பொங்குகிறது. அடுத்த காட்சியில் பாத்திரம் பளபளக்கிறது. இடையில் யார் எவ்வளவு தேய்த்தார்கள் என்பதை மட்டும் காட்டுவதில்லை!

உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கிணற்று நீர் கடின நீர். ஆகவே சோதனைக்குப் பஞ்சமில்லை. ஒரே மாதிரி உப்புப் படிந்த இரண்டு எவர்சில்வர் சொம்புகளை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் 100 மில்லி வினிகர். ஒன்றில் மட்டும் இரண்டு தேக்கரண்டி சோடா. குறிப்பில் அளவே இல்லாததால் இது நாங்களாக வைத்துக்கொண்ட அளவு. மறுநாள் காலை பார்த்தால், ஆரவாரமாய்ப் பொங்கிய சொம்பில் படிவு அப்படியே இருந்தது. மற்றதில் விரல் பட்டதும் கழன்றது.

படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைப்பது வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம். 100 மில்லியில் அது சுமார் 5 கிராம். அதைத் தீர்த்துவிட 7 கிராம் சோடா போதும். நுரையாய் வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் கலந்த தண்ணீர்தான். சோடாவைத் தனியே ஈரத்துணியில் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்தால் பயனுண்டு. அதைக் குறை சொல்வதற்கில்லை.

இதில் நஷ்டம் காசோடு போயிற்று. ஆனால் பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் இதேபோல் கலந்தால் வெளிவருவது குளோரின். 1915 ஏப்ரலில் பெல்ஜியப் போர்முனையில் ஏவப்பட்ட அதே நச்சு வாயு. அதை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.