கையில் இல்லாத சான்று

2016 ஜூன் 1-ஆம் தேதி, பிரிட்டனின் பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற அணியின் தலைவர்கள் ஒரு கூட்டறிக்கை விட்டார்கள். பிரிட்டனில் ஏற்கெனவே சட்டப்படி வாழும் ஒன்றியக் குடிமக்களின் நிலையில் எந்த மாற்றமும் வராது, நிரந்தரமாகத் தங்கும் உரிமை அவர்களுக்குத் தானாகவே கிடைக்கும் என்பது அதன் சாரம். போரிஸ் ஜான்சன், மைக்கேல் கோவ், பிரீத்தி படேல் ஆகியோர் அதில் கையொப்பமிட்டிருந்தார்கள். ஐந்தாண்டு கழித்து, 2021 ஜூன் 30 அன்று, ஒன்றியக் குடிமக்கள் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கும் கெடு முடிந்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் அதே பிரீத்தி படேல். தானாகக் கிடைக்க வேண்டியது, கெடுவுக்குள் கேட்டு வாங்க வேண்டியதாக மாறியிருந்தது. அந்த வாக்குறுதியை வைத்தே, அந்த விண்ணப்பங்களைப் பெற்ற ஐரோப்பிய ஒன்றியக் குடியேற்றத் திட்டத்தை (EU Settlement Scheme) எடைபோட வேண்டும்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சிறியதல்ல. பழைய ஐரோப்பிய விதிகளின்படி நிரந்தர வசிப்புரிமைச் சான்று வாங்க 85 பக்கப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மாணவராகவோ வேலையில்லாமல் சொந்தப் பணத்திலோ வாழ்ந்தவர்கள் தனியார் மருத்துவக் காப்பீட்டையும் காட்ட வேண்டும். அரசு மருத்துவச் சேவையைப் பல்லாண்டு பயன்படுத்தியும், காப்பீடு இல்லாததால் தங்கள் வசிப்பு கணக்கில் வராது என்று தெரிந்து திகைத்தவர்கள் பலர். புதிய திட்டம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. 65 பவுண்ட் கட்டணத்தை அறிவித்துவிட்டு, 2019 ஜனவரியில் அதையும் நீக்கினார்கள். கைப்பேசியில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து, தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்தால், வரித்துறைப் பதிவுகளைக் கொண்டே வசித்த காலத்தைக் கணித்தார்கள். ஐந்தாண்டு நிறைவானவருக்கு செட்டில்டு ஸ்டேட்டஸ் என்ற நிரந்தர நிலை, குறைந்தவருக்கு ப்ரீ-செட்டில்டு என்ற தற்காலிக நிலை. தகுதியுள்ளவர்கள் 35 லட்சம் முதல் 41 லட்சம் வரை இருப்பார்கள் என்று அரசு மதிப்பிட்டிருந்தது. கெடு முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேலான விண்ணப்பங்கள் வந்தன. சிலர் இரண்டு முறை விண்ணப்பித்திருப்பார்கள் என்று கழித்துப் பார்த்தாலும், ஒரு குடிவரவுத் துறை இவ்வளவு பேருக்கு இவ்வளவு விரைவாக ஆம் என்று சொன்னதற்கு இணையான நிகழ்வு பிரிட்டனில் இல்லை.

அந்த லட்சக்கணக்கானவர்களுள் தமிழரும் உண்டு. இலங்கைப் போருக்குத் தப்பி பிரான்சிலும் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் தஞ்சம் புகுந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து குடியுரிமை பெற்று, பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும் உறவினர் அருகில் இருக்கவும் லண்டனுக்கும் லெஸ்டருக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் அவை. பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட புதுச்சேரிக் குடும்பங்களும் இதில் சேரும். ஒரு காகிதம் இல்லாததால் எல்லையில் என்ன நேரும் என்பதை இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

திட்டத்தின் அடித்தளத்துக்கு வருவோம். பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட விலகல் ஒப்பந்தத்தின் 18-ஆவது பிரிவு ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. தகுதி இருந்தால் உரிமை சட்டத்தாலேயே வந்துவிடும், ஆவணம் அதைக் காட்ட மட்டுமே என்பது ஒன்று. விண்ணப்பித்து அரசு வழங்கினால்தான் உரிமையே பிறக்கும் என்பது மற்றொன்று. ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி முதல் வழியில் போயின. பிரிட்டன் இரண்டாவதைத் தேர்ந்தது. பிரான்சும் நெதர்லாந்தும்கூட அப்படியே. ஆகவே பிரிட்டன் ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று இந்த இடத்தில் யாரும் சொல்ல முடியாது.

அரசின் தரப்பில் இதற்கு வலுவான ஒரு வாதம் இருந்தது: விண்ட்ரஷ். விண்ட்ரஷ் தலைமுறை எனப்படும், 1973-க்கு முன் கரீபியன் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு உரிமை சட்டத்தாலேயே இருந்தது. ஆவணம்தான் இல்லை. 2014, 2016 குடிவரவுச் சட்டங்கள் வீட்டு உரிமையாளரைச் சான்று கேட்க வைத்து, வேலை கொடுப்பவர் மீதான விதிகளையும் இறுக்கியபோது, அறுபது வயதைத் தாண்டியவர்கள்கூட வேலையும் வீடும் இழந்தார்கள், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் அட்டைகளை உள்துறையே 2010-இல் அழித்திருந்தது. 2018-இல் இந்த அநீதி வெளிச்சத்துக்கு வந்தது. எனவே எல்லோரையும் பதிவுசெய்ய வைப்பதுதான் பாதுகாப்பு என்றார்கள்.

இதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் விண்ட்ரஷ் தலைமுறையைக் கெடுத்தது, அவர்களுக்கு உரிமை தானாக வந்தது அல்ல. சான்றைக் கொடுக்காமலேயே சான்றைக் கேட்டதுதான் கெடுத்தது. உரிமையைச் சட்டத்தால் உறுதிசெய்துவிட்டு, ஆவணத்துக்காகப் பதிவு செய்யச் சொல்ல முடியும். ஜெர்மனி அதைத்தான் செய்தது. அங்கு வாழும் பிரிட்டிஷ் குடிமக்கள் அதே 2021 ஜூன் 30-க்குள் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், கையில் ஓர் அட்டை வாங்க வேண்டும். தவறினாலும் உரிமை போகாது. பிரிட்டனின் வழியில் தவறியவருக்கு உரிமையே இல்லை.

தவறியவர்கள் யார்? நாட்டுடன் நெடுங்காலமாக ஒன்றிப்போனவர்கள். ஐரோப்பிய விதிப்படி நிரந்தர வசிப்புச் சான்று வாங்கி வைத்திருந்ததால் வேலை முடிந்தது என்று நம்பிய முதியவர்கள். தங்களுக்காக யாரும் விண்ணப்பிக்காத, அரசு பராமரிப்பில் வளர்ந்த குழந்தைகள். நியாயமான காரணம் இருந்தால் தாமத விண்ணப்பத்தை ஏற்பார்கள் என்பது உண்மை. ஆனால் 2023 ஆகஸ்டில் அந்த வாசலை வெகுவாக ஒடுக்கினார்கள். பழைய சான்றை நம்பியிருந்தேன் என்பது காரணமாக ஏற்கப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் 2024 ஜனவரியில் சற்றுத் தளர்த்தினார்கள். உள்துறை நினைத்தால் ஒடுக்கும், நினைத்தால் விரிக்கும் என்ற நிலையில், ஒப்பந்தம் காத்துத் தருவதாகச் சொன்ன உரிமை எப்படிப் பாதுகாப்பாக இருக்க முடியும்?

ப்ரீ-செட்டில்டு விஷயத்தில் பிரிட்டன் ஒப்பந்தத்தையே மீறியது. ஐந்தாண்டு முடிவதற்குள் இரண்டாவது முறை விண்ணப்பிக்காவிட்டால், வேலையிலும் குடும்பத்திலும் எதுவும் மாறாத ஒருவர் மறுநாள் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவார் என்பது விதி. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமேல் அது தொங்கியது. ஒப்பந்தப்படி உருவான, சுவான்சியில் இயங்கும் சுயேச்சைக் கண்காணிப்பு ஆணையம் நீதிமன்றம் போனது. 2022 டிசம்பர் 21 அன்று நீதிபதி லேன் அந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்றார்: ஒருமுறை பெற்ற வசிப்புரிமை, ஒப்பந்தத்தில் சொன்ன காரணங்களால் மட்டுமே போக முடியும், மறு விண்ணப்பம் போடாதது அவற்றில் ஒன்றல்ல. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. 2023 செப்டம்பர் முதல் காலாவதியைத் தானாகவே நீட்டித்தார்கள். 2025 ஜனவரியில் தகுதியுள்ளவர்களைத் தானாகவே செட்டில்டு நிலைக்கு மாற்றத் தொடங்கினார்கள். வரிப் பதிவைப் பார்த்துத் தானாக மாற்ற முடியும் என்றால், விண்ணப்பம் இல்லையேல் உரிமை இல்லை என்பதைத் தவிர்க்க முடியாத நிபந்தனையாக இத்தனை காலம் வைத்திருந்ததற்கு என்ன நியாயம்?

எனக்கு இதைவிடவும் கவலை தருவது சான்றுதான். இந்த நிலையைப் பெற்ற ஐரோப்பியக் குடிமக்களின் கையில் அட்டை இல்லை. வீடு வாடகைக்கு எடுக்க, வேலையில் சேர, அவர்களில் ஒருவர் இணையத்தில் நுழைந்து ஷேர் கோட் என்ற குறியீட்டை எடுத்து, சான்று கேட்பவரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் குறியீடு 90 நாள் செல்லும். கேட்பவர் தன் கணினியில் அதைத் திறந்து பார்ப்பார். தளம் முடங்கினால், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுப் புது எண்ணைக் கணக்கில் சேர்க்க மறந்தால், பதிவு செய்த கைப்பேசி தொலைந்தால், அந்தக் கணத்தில் அவரிடம் காட்ட எதுவும் இல்லை. வேறொரு நாட்டு விமான நிலையத்தில், எதையும் அறியாத ஊழியர் முன் இது நடக்கும்போது அவருக்காகப் பேச ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

அட்டை தொலையும், போலியாக அடிக்கப்படும், கொடுமைக்காரக் கணவன் பறித்து வைத்துக்கொள்வான் என்று அமைச்சர்கள் வாதிட்டார்கள். மூன்றும் உண்மை. அவை இணையச் சான்று தேவை என்பதற்கான காரணங்கள். அட்டை கூடாது என்பதற்கு அவை போதாது. இரண்டையும் கொடுக்கலாம். 2020 அக்டோபரில் பிரபுக்கள் சபை அட்டைக்கான திருத்தத்தை நிறைவேற்றியது. மக்களவை தள்ளுபடி செய்தது. மறுபுறம், சரிபார்க்காமல், உரிமையில்லாத ஒருவருக்கு வேலை கொடுப்பவருக்கு அபராதம் முதல் முறை 45,000 பவுண்ட் வரை என்று 2024 பிப்ரவரியில் உயர்ந்தது. திரை சற்றுத் தயங்கினாலே, சிறு கடை முதலாளி வம்பு வேண்டாம் என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பயத்தை அவர்மேல் சுமத்தியது சட்டம்.

சான்று தராமல் இருப்பதே சட்டவிரோதமாகலாம் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2024 ஜூனில், விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும்போது தொடரும் உரிமைக்கு டிஜிட்டல் சான்று வழங்காத உள்துறையை லண்டன் உயர் நீதிமன்றம் கண்டித்தது. அந்த வழக்கு ஐரோப்பியரைப் பற்றியதல்ல. ஆனாலும் காட்ட முடியாத உரிமையால் ஒருவர் வேலை இழப்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

என் தீர்ப்பு இது. உரிமை வழங்கிய விதத்தில் திட்டம் பெருமளவு வென்றது. அதைச் செய்த அலுவலர்களுக்கு அந்தப் பெருமை சேர வேண்டும். அந்த உரிமையை எந்த அடித்தளத்தில் நிறுத்தினார்கள் என்பதிலும், சான்றிலும் அது தோற்றது. விடுபட்டவர்கள் சதவீதத்தில் குறைவு என்பது பதிலாகாது. 2016-இல் வாக்குறுதி ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது, சராசரிக்கு அல்ல.

இது ஐரோப்பியரோடு நிற்கவும் இல்லை. 2024 டிசம்பர் 31-உடன் மற்ற நாட்டவரின் பழைய வசிப்பு அட்டைகளைக் காலாவதியாக்கி, அவற்றை வைத்திருந்தவர்களை ஈ-விசா என்ற இணையச் சான்றுக்கு மாற்றினார்கள். இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நேரே வந்தவர்களும் இப்போது அதே திரையின் முன் நிற்கிறார்கள். பயணத்தில் சிக்கல் வரும் என்பதை அரசே உணர்ந்து, காலாவதியான அட்டைகளை 2025 ஜூன் 1 வரை விமான நிறுவனங்கள் ஏற்கலாம் என்று நீட்டித்தது. அட்டையின் தேவையை இதைவிடத் தெளிவாக எந்த வழக்கறிஞரும் நிறுவியிருக்க முடியாது. கேட்பவருக்கு ஓர் அட்டை, கெடு தவறினாலும் போகாத உரிமை, தளம் முடங்கியதால் வேலை இழந்தவருக்கு இழப்பீடு: இந்த மூன்றையும் நாடாளுமன்றம் ஒரு சிறு சட்டத்தால் செய்துவிட முடியும்.