ரேடியோ நெல்லும் கூலி நெல்லும்

மத்திய அலை வானொலியின் வரலாறு என்றால் நிலையம் திறந்த தேதியும் பாடிய வித்வான்களின் பேரும்தான் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. அந்தப் பெட்டி யாரைப் பார்த்துப் பேசியது? இதை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சென்னை நிலையம் 1938, திருச்சி 1939, புதுச்சேரி 1967. புதுச்சேரி நிலையம் 1215 கிலோஹெர்ட்ஸில் வருவதற்கு முன்பே பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் சென்னையும் திருச்சியும் இலங்கையும் காதில் விழுந்தன. மத்திய அலை தரையை ஒட்டியே வெகுதூரம் போகும். ஊர்த்தெரு, சேரி என்று பார்த்து நிற்காது. ஆனால் அலை வந்தால் போதுமா? பெட்டி வேணும். பெட்டிக்கு லைசென்ஸ் வேணும். 1980களின் நடுப்பகுதி வரை தபால் ஆபீசில் பணம் கட்டணும். பஞ்சாயத்து ரேடியோ பொதுவில்தானே இருந்தது என்பார்கள். எந்தப் பொதுவில்? நம்ம சனங்க திண்ணையில் உட்கார முடியாத ஊரின் பொதுவில். திருகுகிற கை அவர்களுடையது. தூர நின்று, காற்று கொண்டுவந்ததைக் கேட்டது நாம்.

டிரான்சிஸ்டர் வந்து இதை மாற்றியது. கரண்ட் இல்லாத குடிசையிலும் பேட்டரி போட்டால் பாடியது. நடவு வயலின் வரப்பிலும் பாடியது. பெட்டி நம் கைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

பண்ணை ஒலிபரப்பை நினைத்துப் பாருங்கள். 'விவசாயப் பெருமக்களே' என்று கூப்பிடும். எத்தனை கிலோ யூரியா, எத்தனையாவது நாள் நாற்றுப் பறிக்கணும், எந்த மருந்து அடிக்கணும், எல்லாம் சொல்லும். நாற்றுப் பறிக்கிறவளுக்கு எத்தனை படி கூலி, மருந்தடிக்கிறவன் மூச்சுக்கு என்ன காப்பு? நிலம் உள்ளவன் விவசாயி. சேற்றில் இறங்குகிறவன் 'ஆள்'. இலக்கணத்தில் முன்னிலை என்று படித்தோமே, வானொலியின் முன்னிலையில் நாம் இல்லை. படர்க்கையில்கூட அபூர்வம்.

இதற்குப் பெரிய சாட்சி தஞ்சாவூர். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைத் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச் சொன்னது. குறுவைக்கு அது பரவிய வேகத்தில் 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பேர் விழுந்தது. சாதனைதான், மறுக்கவில்லை. விளைச்சல் பெருகிய அதே மாவட்டத்தில் அறுத்த கைகள் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். வெண்மணிக்கு வானொலி காரணம் என்று சொல்ல வரவில்லை. விதை நெல்லை அத்தனை பேசிய வாய், கூலி நெல்லை அதே குரலில் எத்தனை நாள் பேசியது என்றுதான் கேட்கிறேன்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. 2008இல் அன்றைய ஆந்திரத்தின் மாச்னூரில் தலித் பெண்கள் 'சங்கம் ரேடியோ' தொடங்கினார்கள். அது பண்பலை, சின்னச் சுற்றளவுதான். ஆனால் அங்கே விதைக்கிறவளே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து விதையைப் பற்றிப் பேசினாள்.

மத்திய அலைக் கோபுரங்கள் இப்போது நாடெங்கும் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. அவற்றுக்கு இரங்கல் எழுதப் பலர் வருவார்கள். நமக்கு வேறு வேலை இருக்கிறது. பாகூரிலும் வில்லியனூரிலும் எங்கே நின்று கேட்டார்கள், எது தங்களுக்குச் சொல்லப்படவே இல்லை என்று சொல்ல நம் கிழவர்களும் கிழவிகளும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாய்மொழியை இப்பவே எழுதி வைக்கணும்.