காபெட்டின் மழைநாட் சவாரி

நம் எழுத்தாளர்களின் பயணக் கட்டுரைகளில் மழை பெரும்பாலும் ஓர் அணியாகவோ இடையூறாகவோ வந்து போகிறது. வருணனைக்கு அழகு சேர்த்தோ, பேருந்தைத் தாமதப்படுத்தியோ அது மறைந்துவிடுகிறது. வில்லியம் காபெட் எழுதிய 'ஊரகச் சவாரிகள்' என்னும் ஆங்கில நூலில் மழைக்கு வேறொரு பணி உண்டு. அப்பணி யாது என்பதையும், அது எவ்விடத்தில் நின்றுபோயிற்று என்பதையும் நோக்குவதே இக்கட்டுரை.

காபெட் (1763–1835) சர்ரி மாவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளை. படைவீரராக இருந்து பின்னர் இதழாசிரியர் ஆனவர். ஊர்க்காவல் படையினர் சாட்டையால் அடிக்கப்பட்டதைக் கண்டித்து எழுதியமைக்காக 1810-இல் ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நெப்போலியப் போர் 1815-இல் முடிந்தபின் விளைபொருள் விலை வீழ்ந்தது. கூலி உழைப்பாளிகள் நலிந்தனர். அவர்கள் நிலையை நேரிற் காண விரும்பிய காபெட், 1821 முதல் தென்னிங்கிலாந்து நாட்டுப்புறங்களில் குதிரையேறிச் சென்றார். அக்குறிப்புகள் முதலில் அவருடைய இதழிலும், பின்னர் 1830-இல் நூலாகவும் வெளிவந்தன. சுங்கச் சாலையில் வண்டியில் செல்பவன் சாலையைத்தான் காண்பான், நாட்டைக் காணமாட்டான் என்பது அவர் கருத்து. சந்துவழிகளிலும் வயல்களின் ஊடேயும் செல்லக் குதிரை வேண்டும். இன்றேல் கால்நடை வேண்டும்.

1822 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. இலையுதிர்காலத்தின் இறுதி. ஹாம்ப்ஷியரின் ஹாம்பிள்டனிலிருந்து சர்ரியின் தர்ஸ்லிக்குச் செல்கிறார். இடையில் ஹைண்ட்ஹெட் என்னும் குன்று இருக்கிறது. பயிர் விளையாத அந்தப் பொட்டல் மேட்டை அவருக்கு அறவே பிடிக்காது. எனவே அதன்மேல் ஏறுவதில்லை என்று உறுதி பூண்டு சுற்றுவழி தேடுகிறார். ஹாக்லிச் சரிவில் இறங்கும் வழி, ஈரம்பட்ட சாம்பல்நிறச் சவர்க்காரம்போல் வழுக்குகிறது. குதிரை பாதி நடந்தும் பாதி பின்னங்கால் மடங்கச் சறுக்கியும் இறங்குகிறது. மண்ணின் இயல்பை இத்துணைத் துல்லியமாகக் கூற உழவனால்தான் இயலும். களியா, மணலா, சுண்ணமா என்று குளம்பின் கீழேயே அவர் நிலத்தைப் படித்துவிடுகிறார்.

ஹெட்லி என்னும் சிற்றூரின் விடுதியில் வெள்ளை மேலங்கி அணிந்த உழைப்பாளிகள் குடித்தும் புகைத்தும் பேசியும் பொழுது போக்குவதைக் காண்கிறார். இப்படி நேரத்தை வீணாக்குகிறார்களே என்று உள்ளத்துக்குள் அறம் பேசிக்கொள்கிறார். அங்கேயே ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு புறப்படுகிறார். இருள் சூழ்கிறது, மழை பிடித்துக்கொள்கிறது, வழிகாட்டி வழி தவறுகிறான். எந்தக் குன்றைத் தவிர்க்க நாள் முழுதும் பாடுபட்டாரோ, அக்குன்றின் உச்சியிலேயே வந்து நிற்கிறார்கள்!

உடல் நனைந்து, பற்கள் கிட்டக் கீழே இறங்கும்போது மற்றொரு விடுதியின் பலகணி தெரிகிறது. உள்ளே அதே வகை மனிதர்கள், அதே புகைக்குழாய்களுடன் நெருப்பைச் சூழ்ந்திருக்கிறார்கள். இப்போது அவர் கண்ணுக்கு அது உலகிலேயே சிறந்த அவை. நாடாளுமன்றத்தைக் கேலி செய்யத் தாம் ஆளும் பட்டத்தை இவர்களுக்கு மெய்யாகவே சூட்டுகிறார். சூழல் மாறினால் ஒரே காட்சி எவ்வளவு வேறாகத் தோன்றுகிறது என்று தாமே வியக்கிறார்.

இப்பகுதியை வெறும் நகைச்சுவையாகக் கொள்வோர் உண்டு. எனக்கு அது நூலின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. உலர்ந்த உடையோடு உரைத்த தீர்ப்பை நனைந்த உடையோடு அவர் மாற்றிக்கொள்கிறார். முந்திய தீர்ப்பை மறைக்கவும் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து அச்சேற்றுகிறார். அரசர் உரையிலும் நாடாளுமன்ற உரைகளிலும் பிழை பொறுக்கித் தம் இலக்கண நூலில் எடுத்துக்காட்டாக வைத்தவர் அவர். (வகுப்பறையில் அந்நூல் மாணாக்கர்க்குச் சலிப்புத் தராது என்பது உறுதி.) தம் பிழையையும் அவ்வாறே வைக்கிறார்.

ஆயினும் இந்த நேர்மை எல்லாரிடத்தும் செல்லவில்லை. யூதர்களையும் குவேக்கர் சமயத்தினரையும் அவர் கூட்டமாகவே இழிக்கிறார். கறுப்பின அடிமைகளுக்காகக் குரல் கொடுத்தவர்களையும் ஏளனம் செய்கிறார். ஆங்கில உழைப்பாளியின் பசியை மறந்துவிட்டுக் கடல் கடந்த துயரத்துக்கு அழுகிறார்கள் என்பது அவர் வாதம். ஒருவன் பசியை மற்றொருவன் பசிக்கு எதிரே நிறுத்தும் இவ்வாதத்தை, தோட்டத் துறையில் பாட்டன் பூட்டனைப் பறிகொடுத்த நம்மால் ஏற்க இயலாது. விடுதிப் பலகணியில் நேர்ந்த மாற்றம் இம்மக்கள் வகையில் ஏன் நேரவில்லை? அவர்களுடைய கணப்பருகே ஒதுங்க வேண்டிய தேவை அவருக்கு வாய்த்ததாக நூலில் எங்கும் குறிப்பில்லை. காலத்தின் குறை என்று கூறி இதைக் கடந்துவிடுதல் திறனாய்வாகாது. அவர் காலத்திலேயே வேறுவிதமாக எண்ணியோர் பலர். அவர்களைத்தானே இவர் ஏளனம் செய்தார்!

நூலை ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. வழி தவறி, நனைந்து, நடுங்கிய அந்நாளையே தம் வாழ்நாளில் மிகச் சுவையான நாளாக அவர் குறிக்கிறார். எழுதி முடித்தபின், மறந்துவிட்டேன் என்று சொல்லி ஒரு செய்தியைச் சேர்க்கிறார்: ஹாக்லிக்கு அப்பால் ஒரு கவையில், வழி காட்ட வந்தவர் ஒரு பாதையைச் சுட்டி, அது செல்போர்னுக்குப் போகிறது என்றாராம்.