தோலுக்கு எவ்வளவு தெரியும்?

அழிந்துபோன பறவைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இப்போதெல்லாம் அருங்காட்சியக இழுப்பறைகளை நோக்கித்தான் கை நீளுகிறது. பஞ்சடைத்துக் காலில் சீட்டுக் கட்டிய தோல்கள், துளையிட்டு உள்ளிருப்பதை வெளியேற்றிய முட்டைகள், எலும்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம், பறவை வாழ்ந்த இடங்களை அறியலாம், எதைக் கொண்டுவந்து எங்கே விடுவது என்று முடிவெடுக்கலாம் என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, தோல் திறமையாகச் செய்யும் வேலையும் அதற்குச் சற்றும் வராத வேலையும் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் சீட்டு. எங்கே, எப்போது, யார் சுட்டது என்ற மூன்று விவரமும் இல்லாத தோல் வெறும் அலங்காரப் பொருள். மத்திய இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தையை 1873-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் ஏ. ஓ. ஹியூம், பின்னாளில் காங்கிரஸ் பிறக்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். முதல் பறவை இன்றைய சத்தீஸ்கர் பகுதியில் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் காந்தேஷ் வட்டாரத்தில் ஜேம்ஸ் டேவிட்சன் இன்னும் சிலவற்றைச் சேகரித்தார். உலகம் முழுவதும் இருந்தவை மொத்தம் ஏழே தோல்கள். 1884-க்குப் பிறகு ஆந்தையைக் காணோம். ஒரே ஒரு விதிவிலக்கு: குஜராத்தின் மாண்ட்வியில் 1914-இல் தான் சுட்டதாகக் கர்னல் ரிச்சர்ட் மெய்னர்ட்ஸ்ஹேகன் சீட்டு எழுதிய பறவை.

மெய்னர்ட்ஸ்ஹேகன் சாதாரண ஆள் இல்லை. சுமார் 20,000 தோல்களை 1954-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். மாதிரிகளை அனுமதியின்றி எடுத்துச் சென்றதற்காக அதே அருங்காட்சியகத்தின் பறவை அறைக்குள் நுழைய ஒரு காலத்தில் தடை பெற்றவரும் அவர்தான். தடை மறந்துபோயிற்று, நன்கொடை நினைவில் நின்றது. 1993-இல் ஆலன் நாக்ஸ், அவருடைய வேறு சில தோல்களில் மோசடி இருப்பதை விளக்கி எழுதிய பிறகே முழுச் சேகரிப்பின் மீதும் கண் விழுந்தது. பறவையியலாளர்கள் பமேலா ராஸ்முசனும் நைஜல் காலரும் இந்த ஆந்தையை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். ஒருமுறை பாடம் செய்த பறவையைப் பிரித்து, பழைய அடையாளங்களை மறைத்து, மறுபடி பாடம் செய்திருந்தது தெரிந்தது. மேல்வேலைக்கு அடியில் இருந்தது டேவிட்சனின் கைவேலை. அருங்காட்சியகத்திலிருந்தே திருடிய தோல், பொய்ச் சீட்டோடு அதே அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. 1999-இல் இந்த ஆய்வு அச்சேறியது.

அதற்குள்ளேயே ஆந்தை கிடைத்துவிட்டது. மாண்ட்வியை ஒதுக்கிவிட்டு, நம்பத்தகுந்த சீட்டுகள் காட்டிய இடங்களில் மட்டும் ராஸ்முசன் குழு தேடியது. கிழக்கே சத்தீஸ்கரில் ஒன்றும் அகப்படவில்லை. மேற்கே சாத்பூரா அடிவாரத்தில், மகாராஷ்டிரத்தின் ஷாஹாதா அருகில், 1997 நவம்பர் 25 அன்று காலை வெளிச்சத்தில் மரக்கிளையில் அது உட்கார்ந்திருந்தது. தோல்களின் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல கதை இல்லை என்பார்கள். என் கணக்கு வேறு. ஏழு சாட்சிகளில் ஒன்று பொய்ச்சாட்சி. குறுக்கு விசாரணை நடந்ததால்தான் மற்ற ஆறும் பயன்பட்டன. இன்று பல நாட்டுச் சேகரிப்புகளின் சீட்டு விவரங்களைக் கணினியில் கொட்டி, 'இந்தப் பறவை இங்கெல்லாம் இருந்தது' என்று வரைபடம் போடுகிறார்கள். அந்தப் புள்ளிகளில் எத்தனை மாண்ட்விகள் இருக்கின்றன என்று கேட்காத வரைபடத்தை நம்பி ஒரு கூண்டைக்கூடத் திறக்கக் கூடாது.

இரண்டாவது, காரணம். இந்த வேலையில் சேகரிப்புகளை மிஞ்ச ஆளில்லை. பிரிட்டனில் பொரி வல்லூறுகள் தம் முட்டைகளைத் தாமே உடைப்பதைக் கவனித்த டெரெக் ராட்கிளிஃப், பழைய முட்டைகளைத் தேடிப் போனார். முட்டை சேகரிப்பது ஒரு காலத்தில் கனவான்களின் பொழுதுபோக்கு; பின்னர் சட்டவிரோதமானது. அந்தப் பேராசைக்காரர்கள் பஞ்சு மெத்தையில் தேதி எழுதி வைத்திருந்த ஓடுகள் அவருக்கு உதவின. எடையையும் அளவையும் வைத்து ஓட்டின் கனத்தைக் கணக்கிட்டதில், 1947 வாக்கில் அது திடீரென ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பது 1967-இல் வெளியானது. டிடிடி பூச்சிக்கொல்லி வயல்களுக்குள் வந்த காலம் அது. மறு ஆண்டு அமெரிக்கச் சேகரிப்புகளும் இதையே சொன்னன. தேதி பொருந்திவிட்டதால் மட்டும் குற்றம் உறுதியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வளர்ப்புப் பறவைகளுக்குப் பூச்சிக்கொல்லி கலந்த இரை கொடுத்துப் பார்த்த சோதனைதான் வழக்கை முடித்தது. ஆனால் சோதனையில் எதைத் தேடுவது என்று காட்டியவை முட்டைகள்.

அமெரிக்கா 1972-இல் டிடிடியைத் தடை செய்தது. டாம் கேட் தொடங்கிய பெரக்ரின் ஃபண்ட், கூண்டில் வளர்த்த வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் வெளியே விட்டது. 1999-இல் பொரி வல்லூறு அழிவு அபாயப் பட்டியலிலிருந்து நீங்கியது. இதில் பலரும் தாண்டிப்போகும் விவரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரிய பறவைகள் அதற்குள் முற்றிலும் போய்விட்டிருந்தன. அங்கே விட்டவை பல நாட்டு உள்ளினங்களின் கலப்பு. அருங்காட்சியகத் தோலோடு ஒப்பிட்டு மரபுத் தூய்மையை நிபந்தனையாக்கியிருந்தால் அந்தத் திட்டம் தொடங்கியே இருக்காது. கலப்புப் பறவைகள் இன்று நியூயார்க்கின் உயர்ந்த கட்டடங்களில் குஞ்சு பொரிக்கின்றன.

இதற்கு எதிர்வழக்கும் இருக்கிறது. நம் கானமயிலின் ஐரோப்பிய உறவினமான பெரிய பஸ்டர்ட், பிரிட்டனில் 1832-இல் முட்டையிட்டதோடு மறைந்தது. 2004 முதல் ரஷ்யாவின் சராத்தோவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சாலிஸ்பரி சமவெளியில் விட்டார்கள். குளிர்காலத்தில் வலசை போவது ரஷ்யப் பறவைகளின் வழக்கம். கணிசமானவை சிதறிப்போயின, செத்தன. பழைய பிரிட்டிஷ் பறவைகளின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டபோது ஸ்பெயின் பறவைகளே நெருங்கியவை என்று தெரிந்தது. 2014 முதல் ஸ்பெயின் முட்டைகள் வந்தன, நிலைமை மேம்பட்டது. அருங்காட்சியகத்துக்கு வெற்றி என்று எழுதிவிட்டார்கள். எழுதலாம்தான். ஆனால் ரஷ்யப் பறவைகள் குஞ்சாக விமானத்தில் வந்தவை. ஸ்பெயின் பறவைகள் முட்டையாக வந்து பிரிட்டனில் பொரிந்தவை. இடையில் பத்தாண்டு அனுபவமும் சேர்ந்திருந்தது. மேம்பட்டது மரபணுவாலா, வளர்ப்பு முறையாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ரஷ்யப் பறவைகளுக்கு வலசைப் பழக்கம் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள டிஎன்ஏவும் தேவைப்படவில்லை. வல்லூறையும் பஸ்டர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான்: கொன்றது எது என்று தெரிந்து அதை நீக்கிய இடத்தில், மரபு நெருக்கம் இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

மரபணு பேசும் மொழியே ஒன்றாக இருப்பதில்லை. கோடிக்கணக்கில் பறந்து, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் மார்த்தா என்ற ஒற்றைப் பறவையோடு முடிந்துபோன பயணிப் புறாவை எடுத்துக்கொள்வோம். அருங்காட்சியகப் புறாக்களின் கால்விரல் அடிச்சதையில் சிறு துண்டு வெட்டி எடுத்த டிஎன்ஏவை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தப் புறாவின் தொகை இயல்பிலேயே பெரிதும் ஏறி இறங்கியது, அந்த இறக்கமும் வேட்டையும் சேர்ந்து அழித்தன என்றது. 2017-இல் அதே வகைச் சான்றை வைத்து இன்னொரு ஆய்வு: தொகை பல்லாயிரம் ஆண்டுகள் நிலையாக இருந்தது, மரபுப் பன்மை குறைந்ததற்கு இயற்கைத் தேர்வே காரணம் என்றது. முதல் ஆய்வின்படி இது சிறு கூட்டமாகச் சுருங்கி மறுபடி பெருகத் தெரிந்த பறவை. இரண்டாவதன்படி பெருங்கூட்டத்துக்கென்றே செதுக்கப்பட்ட பறவை. இதை மறுபடி உருவாக்க நினைப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. சிறிய கூட்டமாக விட்டால் பிழைக்குமா, பிழைக்காதா? கால்விரல் இரண்டு பதில் சொல்கிறது. இந்த நிலையில் பட்டைவால் புறாவின் மரபணுவைத் திருத்திப் பயணிப் புறாவைக் கொண்டுவருவோம் என்ற திட்டத்தைச் சாமர்த்தியம் என்று வேண்டுமானால் சொல்லலாம். மறு அறிமுகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நடத்தை விஷயத்தில் தோல் ஊமை. ஹவாய்க் காகமான அலாலா 2002-இல் காட்டிலிருந்து மறைந்தது, கூண்டுகளில் மிஞ்சியது. காட்டில் பதிவு செய்த பழைய ஒலிகளோடு ஒப்பிட்டபோது, எல்லையைக் காக்கும் கூவல்கள் கூண்டுப் பறவைகளிடம் இல்லாமல் போயிருந்தன. 2016 முதல் காட்டில் விட்டவற்றைப் பருந்துகள் தாக்கின. மிஞ்சியவற்றை 2020-இல் திரும்பப் பிடித்துவந்தார்கள். ஒலிநாடா இல்லையென்றால் இழப்பு நடந்ததே தெரிந்திருக்காது.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. மதராஸ் படை மருத்துவர் ஜெர்டான் 1848 வாக்கில் கண்ட, தெலுங்கில் கலிவி கோடி என்று வழங்கும் ஜெர்டான் கோர்சர், 1900-க்குப் பிறகு அகப்படவே இல்லை. தேடியவர்கள் பகலில் தேடினார்கள். 1986-இல் கடப்பையின் லங்கமலைப் பகுதியில் உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவர் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பிறகுதான் அது இரவாடி என்று உறுதியானது. உயிரோடு பார்த்திருந்தால் அந்தப் பெரிய கண்ணே சொல்லியிருக்கும். பாடம் செய்த தோலில் கண் இருக்கும் இடத்தில் பஞ்சு.

ஆனால் அதே பறவைக்கு ஓர் இழுப்பறை புது முகவரி கொடுத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகச் சேகரிப்பில் கிடந்த ஒரு முட்டை, 1917-இல் கோலார் தங்கவயலில் கால்நடை மருத்துவராக இருந்த எர்னெஸ்ட் மீட்டன் எடுத்தது. அதைக் கண்டெடுத்தவர், மெய்னர்ட்ஸ்ஹேகனைப் பிடித்துக்கொடுத்த அதே ஆலன் நாக்ஸ். சீட்டை அப்படியே நம்ப அவருக்குப் பழக்கமில்லை. ட்ரிங் அருங்காட்சியகத்துத் தோல்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டு உறுதி செய்த பிறகே அறிவித்தார்கள். கடப்பைக்கு வெகு தெற்கே, நம் எல்லைக்குப் பக்கத்தில், இந்தப் பறவை முட்டையிட்டிருக்கிறது. இனி தேட அது ஓர் இடம். கோலாரில் கொண்டுபோய் விட அது காரணமாகாது. லங்கமலையில் இந்தப் பறவையின் புதர்க்காட்டை 2005-இல் தோண்டியது, சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வேலை. அதை எந்த முட்டையும் சொல்லப்போவதில்லை.

என் தீர்ப்பு இதுதான். மறு அறிமுகத்தில் அருங்காட்சியகத்துக்குத் தடை சொல்லும் அதிகாரம் கொடுக்கலாம். அனுமதி கொடுக்கும் அதிகாரம் கூடாது. இந்தப் பறவை இங்கே ஒருபோதும் இருந்ததில்லை, இந்த நஞ்சு இன்னும் நீங்கவில்லை என்று தோலும் முட்டையும் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே இருந்தது, ஆகவே விடலாம் என்று அவற்றின் பெயரால் யாராவது சொன்னால் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். கானமயில் ஒரு காலத்தில் தக்காணத்திலும் தமிழகம் வரையிலும் பரவியிருந்த பறவை. ஜெய்சல்மர் பக்கம் 2019 முதல் அதைக் கூண்டில் பெருக்குகிறார்கள். பழைய பதிவுகளைக் காட்டி நாளை பல மாநிலங்கள் குஞ்சு கேட்கலாம். அந்தந்தச் சமவெளியில் உயர் அழுத்த மின்கம்பி எப்படிப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

சேகரிப்புகள் மீது எனக்கு இன்னொரு புகார் உண்டு. இது கடந்த காலத்தைவிட நாளையைப் பற்றியது. 1990-களில் இந்தியாவில் பாறு கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது காரணத்தை எந்தத் தோலாலும் சொல்ல முடியவில்லை. பாகிஸ்தானில் புதிதாக இறந்த பறவைகளின் சிறுநீரகத்தைப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுதான் டைக்ளோஃபெனாக் மருந்தை 2004-இல் அடையாளம் காட்டியது; 2006-இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. பாடம் செய்பவர் முதலில் தூக்கிப் போடுவது உள்ளுறுப்புகளைத்தான். நம் வனத்துறைகள் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பெரும்பாலும் உடலையே எரித்துவிடுகின்றன. மின்கம்பியில் மோதி விழும் கானமயிலும், மாயாறு பள்ளத்தாக்கில் இறந்து கிடக்கும் பாறும் தோலாக மட்டும் இழுப்பறைக்குள் போனால், நூறு ஆண்டு கழித்து அதைத் திறப்பவரும் இதே பஞ்சைத்தான் பார்ப்பார். ஈரலையும் சிறுநீரகத்தையும் உறைநிலையில் வைக்கும் பெட்டியின் மின்கட்டணம், கூண்டு கட்டும் செலவில் மிகச் சிறிய பங்கு.